பள்ளிக்கூடம் இல்லாத தொழில்: நம் மாவட்டத்தில் நிலத் தரகின் கதை

நமது நகரில் கடந்த ஓராண்டில் மூன்று பேர் ‘ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்’ என்று விசிட்டிங் கார்டு அடித்திருக்கிறார்கள். ஒருவர் பொறியியல் படித்து, திருப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர். ஒருவர் சிங்கப்பூரில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மூன்றாமவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. மூவருக்கும் இதற்குமுன் ஒரு சென்ட் நிலம்கூட யாருக்கும் வாங்கிக் கொடுத்த பழக்கம் கிடையாது. இளைஞரிடம், “எந்த தைரியத்தில் இறங்கினீர்கள் தம்பி?” என்று கேட்டேன். “எல்லா வேலைக்கும் அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்க சார். இதுக்கு மட்டும்தான் யாரும் கேக்கல” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அனுபவம் கேட்காத தொழிலாக இது எப்படி வந்தது, நம் மாவட்டத்தில் இதில் இறங்கியவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொண்டார்கள், எங்கே விழுந்தார்கள் என்று தெரிந்துகொள்வது அந்த மூவருக்கும் உதவும். அவர்கள் வழியாக மனை வாங்கப் போகிற நமக்கும் உதவும். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பத்திரங்களைப் பார்த்தவன் என்பதால் ஆசிரியர் குழு என்னிடம் இதை ஒப்படைத்தது.

நிலத் தரகுக்கு முன்பே நம் பக்கத்தில் இருந்தது மாட்டுத் தரகு. சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்கு மட்டும் இரண்டு விலையும் தெரியும். தரகு என்பதன் மொத்த அர்த்தமும் அந்தத் துண்டுக்கடியில் இருக்கிறது. இன்றைக்கும் மனை வியாபாரத்தில் அந்தத் துண்டை முழுதாக யாரும் எடுத்துவிடவில்லை என்பது என் கருத்து.

நிலம் மாடு மாதிரி சுலபமாகக் கைமாறிய பொருள் இல்லை. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நிலத்தில் பெரும்பகுதி இனாமாக இருந்தது. கோயிலுக்கு, சத்திரத்துக்கு, படையில் ஊழியம் செய்தவருக்கு, அரண்மனை ஊழியருக்கு என்று ஏதோ ஒரு கடமையோடு கட்டிப்போட்ட நிலம் அது. மற்றதில் பெரிய அளவு அமானி. அதாவது விளைந்ததைக் களத்திலேயே சர்க்காரும் குடியானவனும் பங்கு பிரித்துக்கொள்வது. பங்கு எவ்வளவு வரும் என்று தெரியாத நிலத்துக்கு விலை சொல்வது கஷ்டம். 1878இல் பொறுப்பேற்று 1894 வரை இருந்த சேஷய்யா சாஸ்திரி அமானியை ஒழித்துப் பணத் தீர்வையைக் கொண்டுவந்தார். 1888இல் இனாம் செட்டில்மெண்ட் நடந்தது. இன்ன நிலத்துக்கு இன்ன தீர்வை என்று ஆன பிறகுதான் அதற்கு ஒரு விலையும், விலை பேச ஒரு ஆளும் தேவைப்பட்டிருப்பார்கள்.

நகரின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. 1812இல் ஊர் எரிந்துபோனதும், மேஜர் பிளாக்பர்ன் ஆலோசனைப்படி விஜயரகுநாத தொண்டைமான் நேர்வீதிகளாக மறுபடி கட்டினார். பிறகு சேஷய்யா சாஸ்திரி காலத்தில் குளங்களும் தெருக்களும் சீரமைந்தன. நான்கு ராஜ வீதிகள், அவற்றுக்கு வெளியே தெற்கு 2ஆம் வீதி, மேல 4ஆம் வீதி, கீழ 3ஆம் வீதி என்று எண் போட்ட தெருக்கள். வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் இதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். எண் போட்ட தெருவில் உள்ள இடத்தை, நேரில் போகாமலே ஒருவருக்கு விளக்கிவிடலாம். மனை வியாபாரத்துக்கு இது எவ்வளவு வசதி என்பது, முட்டுச்சந்து லே-அவுட்டில் கூரியர்காரருக்கு வழி சொல்லிப் பழகிய நமக்குத் தெரியும்.

இதே காலத்தில் மாவட்டத்தின் தெற்கிலும் மேற்கிலும் வேறொரு பயிற்சிக் கூடம் நடந்துகொண்டிருந்தது. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி, மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி முதலிய நகரத்தார் ஊர்களிலிருந்து பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்வது, கணக்கு பழகி அடுத்தாள் ஆவது, கடைசியில் மேலாளாகி முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் நடத்துவது. ஒரு தவணை மூன்று வருடம். என்ன சம்பளம், என்ன பொறுப்பு என்று சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் போவார்கள். அனுபவமில்லாமல் போனார்கள், ஆனால் அனுபவமில்லாமல் பொறுப்பு ஏற்கவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். முதல் மூன்று வருடத்தில் பையன் கையில் பெட்டிச் சாவிகூடக் கொடுக்கமாட்டார்கள்.

அப்படிப் பழகியவர்களையே நிலம் ஏமாற்றியதும் உண்டு. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் நிலத்தையே எழுதிக் கொடுக்க, ஏழெட்டு வருடத்தில் அது சுமார் 25 சதவீதம் ஆனது. கேட்க நன்றாக இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்ததோ பணம், கிடைத்ததோ விற்க முடியாத வயல். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் கையில் இருப்பதும் பணம் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்று வங்கியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த மூத்த அதிகாரி ஒருவர், இந்தப் பர்மாக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

இனிச் சட்டம். பி.காம். படித்தவர்கள் வணிகச் சட்டம் என்ற தாளை மறந்திருக்கமாட்டீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் பத்தாவது அத்தியாயம் முகவாண்மை பற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்காக எழுதியது என்றாலும், இன்று நம் தெருவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைட் காட்டப் போகிற தரகர் வரை அது கட்டுப்படுத்துகிறது. அதில் நான்கு பிரிவுகளை மட்டும் சொல்கிறேன்.

212ஆவது பிரிவு, முகவருக்கு அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பொதுவாக இருக்கிற திறமை இருக்க வேண்டும் என்கிறது. இல்லாமல் போய், அதனால் நேரடியாக நஷ்டம் வந்தால் அவர்தான் ஈடு கட்ட வேண்டும். ஆனால் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. இவருக்குத் திறமை போதாது என்பது அமர்த்தியவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த எதிர்பார்ப்பு பொருந்தாது. எனவே, ‘நான் தொழிலுக்குப் புதியவன்’ என்று முதல் நாளே சொல்லிவிடுகிறவருக்குச் சட்டம் ஒரு குடை பிடிக்கிறது. பத்து வருட அனுபவம் என்று கார்டில் அடிப்பவர் அந்தக் குடையைத் தானே மடக்கிவிடுகிறார்.

215, 216 பிரிவுகள், முகவர் தன் சொந்த லாபத்துக்கு ரகசியமாக வியாபாரம் செய்வதைப் பற்றியவை. சட்டம் கொடுக்கிற உதாரணமே வீடு வாங்குவதுதான். ஒருவர் ஒரு வீட்டை வாங்கித் தரச் சொல்கிறார். முகவர், ‘அது கிடைக்காது’ என்று சொல்லிவிட்டுத் தனக்கே வாங்கிக்கொள்கிறார். விஷயம் தெரிந்தால், முகவர் கொடுத்த அதே விலைக்கு அந்த வீட்டைத் தனக்கு விற்கும்படி அமர்த்தியவர் கட்டாயப்படுத்தலாம். 1872லேயே இது உதாரணமாக வர வேண்டுமென்றால், அப்போதே எத்தனை பேர் செய்திருப்பார்கள் பாருங்கள். 219ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்படைத்த காரியம் முடிந்த பிறகுதான் கூலி. சைட் காட்டியதற்கு, போன் பேசியதற்கு, மூன்று முறை கீரனூர் போய் வந்ததற்கு ஒன்றும் கிடையாது. புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய பிரிவு இது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டம் அமைந்தபோது, திருச்சியிலிருந்து ஒரு பகுதியும் தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கமும் சேர்ந்தன. இதனால் நம் மாவட்டத்து மூலப் பத்திரங்களில் இரண்டு சாதி உண்டு. திருமயம், ஆலங்குடி, குளத்தூர் பக்கத்துப் பழைய பத்திரங்கள் சமஸ்தான முத்திரைத்தாளில், சமஸ்தானத்தின் சொந்தச் சட்டப்படி எழுதியவை. அறந்தாங்கிப் பக்கத்தவை பிரிட்டிஷ் முத்திரைத்தாளில். பசலி ஆண்டு, தமிழ் எண்கள், மா, குழி, காணி என்ற அளவுகள், ‘இந்நான்கெல்லைக்குட்பட்ட’ என்று வரப்பையும் வேப்பமரத்தையும் சொல்லி முடிக்கிற சொத்து விவரம். அந்த வேப்பமரம் எப்போதோ விழுந்திருக்கும்.

இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்த இடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள தாழ்வாரம். பத்திர எழுத்தர்களுக்கு உரிமம் உண்டு, அதற்கென்று 1982இல் விதிகளும் வந்தன. ஆனால் அவருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கட்சிக்காரரைக் கூட்டி வந்தவருக்கு எந்த உரிமமும் இல்லை. அவர்தான் தரகர். அநேகமாக ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த விவசாயியோ, மாட்டுத் தரகரோ, ஓய்வு பெற்ற கிராம அலுவலரோ, பாத்திரக் கடைக்காரரோ. நல்ல தரகர்கள் எல்லோரும் அந்தப் பெஞ்சில் ஐந்தாறு வருடம் சும்மா உட்கார்ந்தவர்கள். எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை ஆகவில்லை, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் பாத்தியம், எந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்காமல் அண்ணன் தம்பிகள் விற்றார்கள் என்பதெல்லாம் வில்லங்கச் சான்றில் வராது. பெஞ்சில்தான் வரும்.

1979இல் தொடங்கி எண்பதுகளின் இரண்டாம் பாதி வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் தரகர்களுக்குப் புது வேலை கொடுத்தது. எல்லோரும் யு.டி.ஆர். என்றே சொல்கிறோம். பழைய சர்வே எண்ணுக்குப் புது உட்பிரிவு, ஏக்கருக்குப் பதில் ஹெக்டேர், ஏர். அந்த அவசரத்தில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்து நிலக்காரர் பெயரில் பட்டா ஏறியது என்று விழுந்த பிழைகளை இன்றைக்கும் திருத்திக்கொண்டிருக்கிறோம். பத்திரத்தில் 62 சென்ட், பட்டாவில் 58 சென்ட் என்று வந்தால் புதுத் தரகர் பத்திரத்தைப் பார்த்து விலை பேசுவார், பழைய தரகர் நிலத்தில் சங்கிலி போட்ட பிறகு பேசுவார்.

இப்படி ஒவ்வொரு நிலமாக, ஒவ்வொரு குடும்பமாகப் போய்க்கொண்டிருந்த தொழில், எண்பதுகளின் கடைசியிலிருந்து ‘நகர்’களாக மாறியது. இது எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் காசும் அனுபவமும் இல்லாமல் பெரிய ஆளாக முடியும் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறந்தது. ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், விலை பேசி, பத்து சதவீதம் அட்வான்ஸ் கொடுத்து, மீதிக்குக் கெடு வாங்கி, தன் பெயரில் ஒரு பவர் பத்திரம் எழுதிக்கொள்வது. நிலத்தை வாங்கவே இல்லை என்பதால் கிரயச் செலவு இல்லை. கல் ஊன்றி, செம்மண் ரோடு போட்டு, ஒரு ஆர்ச் வைத்து, மனை மனையாக விற்று, வருகிற பணத்தில் நிலக்காரருக்கு மீதியைக் கொடுப்பது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ரோடு, பொது இடம் எல்லாம் ஒழுங்காக விட்டால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் மனையாக மிஞ்சும். அதனால் ரோடு சுருங்கியது, பூங்கா வரைபடத்தில் மட்டும் இருந்தது. நம் நகரில் வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் பச்சை அடித்திருக்கும் இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். சங்கம் ஒன்பது வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பவரில் இரண்டு ஆபத்து. பவர் கொடுத்தவர் இறந்த அன்றே, முகவருக்கும் அந்தச் சொத்தில் பங்கு இருப்பதான விசேஷ நிலை தவிர, பவரும் முடிந்துவிடும். அது தெரியாமல், அல்லது தெரிந்தே, எழுதிய கிரயங்கள் எத்தனையோ வீடுகளைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கின்றன. இப்போது பவர் முகவர் பத்திரம் எழுதும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்பது அதனால்தான். இரண்டாவது, கிரயமே எழுதாமல் பவரையும் உயிலையும் ஒப்பந்தத்தையும் கொடுத்து விற்றதாகச் சொல்வது. சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபர் 11இல் உச்ச நீதிமன்றம், இவற்றால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று தீர்த்துச் சொன்னது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.

மனைகளை விற்க ஆள் வேண்டுமே. இங்கேதான் எங்கள் வங்கிக் குடும்பமும் வருகிறது. 2000 கடைசியிலும் 2001 தொடக்கத்திலும் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், கையில் ஒரு தொகை, பகல் முழுவதும் நேரம், ஊரில் நல்ல பெயர். பள்ளி ஆசிரியர்கள், எல்.ஐ.சி. முகவர்கள், தபால் துறையினர் என்று இப்படிப்பட்டவர்களை மனை நிறுவனங்கள் தேடிப் பிடித்தன. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியம் சாப்பாடு, முன்பதிவு செய்தால் தங்கக் காசு, மாதத் தவணையில் மனை, குலுக்கலில் பைக். நீங்கள் ஒருவரைச் சேர்த்தால் உங்களுக்குக் கமிஷன், அவர் ஒருவரைச் சேர்த்தால் அதிலும் ஒரு பங்கு. அனுபவம் தேவையில்லை என்று விளம்பரத்திலேயே போட்டார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியிருந்தது இவர்களின் உறவினர் பட்டியல்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் விருப்ப ஓய்வில் போய் இதில் சேர்ந்தார். நல்ல மனிதர், கணக்கில் ஒரு பைசா விடமாட்டார். தங்கை, சகலை, மாப்பிள்ளை வீட்டார், கிளைக்கு வந்துபோகும் நான்கைந்து ஓய்வூதியர்கள் என்று முதல் வருடமே இருபதுக்கும் மேற்பட்ட மனைகளை விற்றுக் கொடுத்தார். அந்த இடம் கண்மாயின் நீர்ப்பிடிப்பில் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. நிறுவனம் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. கமிஷனாக வந்ததற்கு மேல் தன் கைப்பணத்தைப் போட்டு உறவுகளுக்கு அவர் திருப்பிக் கொடுத்ததை நான் அறிவேன். ஆனாலும் ஒரு கல்யாணத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. புதுக்கோட்டை கண்மாய்களின் ஊர். மழை இல்லாத நான்கு வருடத்தில் எந்தக் கண்மாயும் மைதானம் மாதிரித்தான் தெரியும். கிராமக் கணக்கில் அந்த சர்வே எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய அளவிலும் நடந்தது. தொண்ணூறுகளில் தேக்குத் திட்டங்கள் பறந்தன. சென்னையைச் சேர்ந்த அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998 வாக்கில் சரிந்தது. அந்த மாதிரிக் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி 1999இல் விதிமுறை போட்டது. அதற்குப் பிறகும் பி.ஏ.சி.எல். என்ற நிறுவனம் நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் கிராம முகவர்கள் மூலம் பணம் திரட்டியது. 2014 ஆகஸ்டில் செபி திருப்பித் தரச் சொன்ன தொகை 49,100 கோடி ரூபாய். பணம் போட்டவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது. இவ்வளவு பணத்தையும் வீடு வீடாகப் போய் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிலத் தொழிலே தெரியாத சாதாரண மனிதர்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் ஜனங்கள் போய் நின்றார்கள்.

தமிழ்நாட்டில் எல்லாத் தரகர்களும் மறக்காத நாள் 2016 செப்டம்பர் 9. யானை ராஜேந்திரன் என்ற வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971லிருந்தே இருக்கிறது. ஆனால் விவசாய நிலத்தை ரோடு போட்டுப் பிரித்து, பஞ்சாயத்து அப்ரூவல் என்று ஒரு முத்திரையைக் காட்டி விற்பதை யாரும் தடுக்கவில்லை. தடை வந்த இரண்டே மாதத்தில், நவம்பர் 8இல், 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. அட்வான்ஸ் வாங்கியவர்கள் பத்திரம் முடிக்க முடியவில்லை, கொடுத்தவர்கள் திருப்பி வாங்க முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்து டீக்கடைகூடக் காற்று வாங்கியது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். நம் நகரில் இன்னும் கட்டாத மனைகள் ஏழு இருக்கின்றன, அதற்குத் தனியாக அறிவிப்பு போட்டிருக்கிறோம்.

அந்த நேரத்தில்தான் ரெரா சட்டமும் வந்தது. 2016இல் நிறைவேறி, முழுமையாக 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு விதிகள் அதே ஆண்டு ஜூன் 22இல். இந்திய வரலாற்றில் முதன்முறையாக மனைத் தரகர் என்ற ஆள் நாடு முழுவதற்குமான ஒரு சட்டத்தின் கண்ணில் பட்டார். பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில், அதாவது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்டவற்றில், புரமோட்டரின் மனையை விற்றுக் கொடுக்கும் முகவர் தானும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்கக் கூடாது, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறும். தனி நபருக்குப் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய் வைத்தார்கள், ஐந்து வருடம் செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது, படிப்போ பரீட்சையோ அந்தச் சட்டம் கேட்கவில்லை. பணம் கட்டி, ஆவணம் கொடுத்தால் எண் கிடைக்கும். எண் இருப்பதால் தொழில் தெரியும் என்று அர்த்தமில்லை, புகார் வந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் அர்த்தம். அதோடு, ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதிலும் விவசாய நிலத்திலும் இடையில் நிற்கும் தரகருக்கு இந்தப் பதிவு பொருந்தாது. நம் மாவட்டத்தில் பெரும்பாலான வியாபாரம் அதுதான்.

மற்ற இடங்களில் எப்படி என்று பார்த்தால், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1917லேயே தரகர் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றம் அதைத் தள்ளியதும் 1919இல் திருத்தி மறுபடி கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் தரகருக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்று ஒரு பிரிவே எழுதினார்கள், ஆனால் அதை நடைமுறைப்படுத்தவே இல்லை. சிங்கப்பூர் 2010இல் தனிச் சட்டமும் கவுன்சிலும் அமைத்துவிட்டது. அங்கே பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, ஒரு நிறுவனத்தின் கீழ் பதிவு செய்தால்தான் வீட்டைக் காட்டவே முடியும். நம் சிங்கப்பூர் நண்பர் இதைச் சொல்லிச் சிரித்தார்: “அங்கே நான் இதைச் செஞ்சிருந்தா அபராதம் சார். இங்கே மாலை போடுறாங்க.” மகாராஷ்டிரம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

திருப்பூரிலிருந்து வந்த தம்பி தன் முதல் வருடக் கணக்கை என்னிடம் காட்டினார். வங்கிக்காரனிடம் கணக்கைக் காட்டும் இளைஞர் கெட்டுப்போகமாட்டார் என்பது என் நம்பிக்கை. பதினொரு மாதத்தில் முடிந்தது நான்கு பத்திரம். ஒன்றில் கமிஷன் பேசியபடி வந்தது. இரண்டில் வேறு இரண்டு தரகர்களோடு பங்கு. நான்காவதில் வாங்கியவர், பத்திரம் முடிந்ததும் போனை எடுக்கவில்லை. வரவு 1,46,000 ரூபாய். பெட்ரோல், போன், விளம்பரம், டீ, சாப்பாடு, பைக் பழுது எல்லாம் சேர்த்து 71,000. மீதி மாதத்துக்கு ஏழாயிரம்கூட வரவில்லை. திருப்பூரில் அவர் வாங்கியது இருபதாயிரத்துக்கு மேல். அவருடைய அம்மா சங்கக் கூட்டத்துக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது நிலைக்குமா அண்ணே?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எல்லாப் பழைய தரகர்களுக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் இப்படித்தான், வயலோ கடையோ பின்னால் இருந்து சோறு போட்டது என்று சொன்னேன். அதுவரை பகுதி நேரமாக ஏதாவது கணக்கு வேலை பார்க்கட்டும் என்றும் சொன்னேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மறுவாரம் ஒரு ஜவுளிக்கடையில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

தாழ்வாரப் பெஞ்சு இன்றைக்கு இல்லை என்று அவர் குறைப்படுகிறார். அதற்குப் பதில் வேறு வசதிகள் வந்திருக்கின்றன. 2000 முதல் கணினிமயமான பதிவுத்துறையில் இப்போது வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், பல அலுவலகங்களுக்கு 1975இலிருந்து. பட்டா, புலப்படம், வழிகாட்டி மதிப்பு எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு, வில்லங்கத்தையும் பட்டாவையும் புலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அந்த இடத்துக்கே போய் நின்று பார்க்கும்படி சொன்னேன். விற்பதற்கில்லை, பழகுவதற்கு. முதலில் நம் நகரின் சர்வே எண்ணிலிருந்தே ஆரம்பித்தார். அப்படிப் பார்த்தபோதுதான், நம் பூங்கா இடத்துக்கு 1994இல் எழுதிய ஒரு தானப் பத்திரம் உள்ளாட்சியின் பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்பது வருடமாக மனு எழுதிய நாங்கள் யாரும் அதைத் தேடவில்லை. அதன் நகலுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. 2024இல் நகராட்சி மாநகராட்சியாகிவிட்டதால் இனி அங்கேதான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். திருமயம் பக்கத்து வீடு ஒன்று விற்பனைக்கு அவரிடம் வந்திருக்கிறது. மூலப் பத்திரம் சமஸ்தான முத்திரைத்தாளில், பசலி 1341 என்று போட்டது, நம் கணக்கில் 1931-32. எழுத்து கூட்டெழுத்தாக இருக்கிறது, அளவெல்லாம் தமிழ் எண்ணில். வாங்க வருகிறவரிடம், ‘இதைப் படிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதியே கொடுத்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் உட்கார்ந்து அதை வாசிக்கப் போகிறோம். பழைய பத்திரம் வாசித்துப் பழகிய பெரியவர்கள், குறிப்பாக மா, குழி கணக்கு தெரிந்தவர்கள், மூக்குக் கண்ணாடியோடு வரவும். டீ சங்கத்தின் செலவு.